பால்காஷ் ஏரியில் ஒரு சிவப்புக் கோடு

இந்த அறையில் ஹீட்டர் அதிகம், ஐயா. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துகொள்கிறேன். என்னால் ஒரே இடத்தில் உட்கார முடியாது, நின்றபடியே சொல்கிறேன்.

என் வேலை சின்னது. செயற்கைக்கோள் அனுப்பும் படங்களை வைத்து ஏரியின் பனிக்கட்டி வரைபடம் போட்டு, உறைந்த ஏரிமேல் ஜீப் ஓட்டிப்போய் மீன் பிடிப்பவர்களின் போனுக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு அனுப்புவேன். வெள்ளை என்றால் ஜீப் போகலாம். சிவப்புக் கோடு என்றால் அங்கே பனி விரிசல் விட்டிருக்கிறது.

டிசம்பரில் ஒரு தவறு செய்தேன். காற்று நெருக்கி மேலே தூக்கிய பனிக்கட்டி வரப்பை விரிசல் என்று நினைத்துச் சிவப்புப் போட்டேன். முப்பத்தொரு ஜீப்பும் இரண்டு நாள் கரையில் நின்றன. மூன்றாம் நாள் மீனவர்களில் ஒருவரான கென்ஜெபெக் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, டீக்கடையில் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார்.

"ஏன் தம்பி, ஆகாசத்துலேருந்து பாத்தா என் பொண்டாட்டி மூக்குகூட உனக்கு விரிசலாத்தான் தெரியுமோ?"

சிரிப்பு அடங்கவே இல்லை. டீக்குக் காசை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆனால் அதற்காகச் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

அதன்பிறகு யாரும் என் படத்தை மதிக்கவில்லை. சிவப்பைத் தாண்டியே போனார்கள். காலையில் படத்தை அனுப்பிவிட்டு, மாலையில் ஜீப்புகள் திரும்பும்வரை கரையில் நடந்துகொண்டே இருப்பேன். மார்ச்சில் பனி இளகும். ஒரே நாளில் பத்துப் பேர் செத்துவிடுவார்கள். ஒருவர் செத்தால் மற்றவர்கள் என் சொல்லைக் கேட்பார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது.

மார்ச் ஒன்பதாம் தேதி நிஜமான விரிசல் வந்தது. சிவப்புப் போட்டு அனுப்பினேன். அந்தப் படம் உங்கள் மேசையில் இருக்கிறது, ஒரு பிழை காட்டுங்கள் பார்க்கலாம். ஏழே காலுக்குக் கென்ஜெபெக் கூப்பிட்டார். எப்போதும் முதல் ஜீப் அவருடையதுதான். மற்றவர்கள் அவர் தடத்தில் போவார்கள்.

"தம்பி, சிவப்புப் போட்டிருக்கியே, நெசந்தானா? நான் கேலி பண்ணுனதை மனசுல வச்சுக்காம சொல்லு."

"அது ராத்திரி எடுத்த படம்ணே. இப்பத்தான் புதுசு வந்துச்சு, உறைஞ்சு மூடிருச்சு. தாராளமாப் போங்க."

"கதவைத் திறந்து வச்சே ஓட்டட்டா?"

சந்தேகமான பனியில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள். உடைந்தால் வெளியே குதித்துவிடலாம்.

"எதுக்குண்ணே? வெறைச்சுப் போயிருவீங்க. நல்லாச் சாத்திக்கிட்டே போங்க."

பனி உடைந்து அவர் ஜீப் உள்ளே போனதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எட்டு மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்தபோது நான்கு கதவும் சாத்தியே இருந்தன. ஆமாம், கொன்றது நான்தான். மறுநாளிலிருந்து ஒருவரும் சிவப்பைத் தாண்டுவதில்லை. முப்பது உயிர், ஐயா.

அந்த முப்பது பேரில் ஒருவர்கூட அன்று காலை என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி நம்பாதவர்களைத் திருத்த வேறு என்ன வழி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.