ஏரி நடுவில் அறுந்த அழைப்பு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மீனவர் சங்கத் தலைவர் ஐயா சுப்பராயலு அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! விடியலில் ஏரிக்குள் இறங்கி, இறாலும் நண்டும் கையால் தடவிப் பிடித்து, ஈரம் காயாத சேலையோடு இங்கே வந்திருக்கும் என் தாய்மார்களே! உயிர் காக்கும் செவிலியர்களே! அந்தச் செவிலியர்களை உருவாக்கும் ஆசிரியப் பெருமக்களே! பழவேற்காட்டுக் கரை மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரியும் ஜமுனாவின் பணிவான வணக்கம்.

இந்தத் தொடக்க விழாவில் என்னை வாழ்த்துரை வழங்கச் சொன்னார்கள். வாழ்த்துவதற்கு வாய் வரவில்லை, அவையோரே! நான் கண்டதும் கேட்டதும் என்னை இன்னும் உலுக்கிக்கொண்டிருக்கின்றன. சம்பந்தப்பட்டவர்கள் சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன்.

ஏரிக்கு அக்கரையில் ஒரு குப்பம். படகில்தான் போக வேண்டும். அங்கே உள்ள சுகாதார நிலையத்தில் சுபஸ்ரீ என்ற இளம் செவிலி, படிப்பை முடித்த கையோடு பணிக்கு வந்தவள். தனி அறை, தனிப் பொறுப்பு, தனி ஆள்!

சென்ற ஐப்பசியில் ஒரு நண்பகல். பூவிழி என்ற பெண்ணுக்கு அங்கே குழந்தை பிறந்தது. குழந்தை அழுதது, ஊர் சிரித்தது. அடுத்த கணமே தாய்க்கு உதிரம் பெருகத் தொடங்கியது. ஊசி போட்டாள் சுபஸ்ரீ. நிற்கவில்லை. படகில் ஏற்றினாள். ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேலே, கருப்பையை இரு கைகளுக்கும் நடுவே அழுத்திப் பிடித்தபடி படகுப் பலகையில் மண்டியிட்டாள்.

பூவிழியின் கணவன் சுரேஷ் கத்தினான்: "இன்னா சிஸ்டர் இது, நிக்கவே மாட்டேங்குது! உனுக்கு தெரியுமா தெரியாதா?"

அவள் யாரைக் கேட்பாள்? தன் கல்லூரி ஆசிரியை தேவகியை அழைக்கச் சொன்னாள். அவளுடைய கைப்பேசியைச் சுரேஷ்தான் காதருகே பிடித்தான்.

"மேடம், பயமா இருக்குது மேடம்!"

"நீ செய்யறது சரி. கையை எடுக்காத. கை மரத்துப் போனாலும் எடுக்காத. நான் லைன்லயே இருக்கேன்."

மழை பிந்தியதால் ஏரியில் தண்ணீர் குறைவு. படகு சேற்றில் தட்டியது. ஆண்கள் குதித்துத் தள்ளினார்கள். அந்தக் குலுக்கலில் கைப்பேசி தண்ணீரில் விழுந்தது. குரல் அறுந்தது. கை? கை விலகவில்லை!

படகு கிளம்பும்போதே தகவல் வந்ததால், படகுத்துறையில் ஆம்புலன்சோடு காத்திருந்தவள் நான். "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவளால் கையை விட முடியவில்லை, அவையோரே! விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

என்னம்மா கேட்கிறீர்கள்? "புள்ள பெத்தவ இன்னா ஆனா?" என்றா? பிழைத்தாள் தாயே! அதோ, மஞ்சள் சேலையில், மடியில் மகளோடு அமர்ந்திருக்கிறாள் பூவிழி!

தட்டுங்கள், நன்றாகக் கை தட்டுங்கள். ஆனால் என்னைத் திடுக்கிட வைத்த கதை இனிமேல்தான் வருகிறது.

மறுநாள் சுபஸ்ரீயிடம் மேலதிகாரி ஒருவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "நிலையத்தைப் பூட்டிவிட்டு ஏன் போனாய்?" நலமா என்று கேட்டவர் உண்டா? தூங்கினாயா என்று கேட்டவர் உண்டா? அந்தப் பெண்ணுக்குக் கண்ணை மூடினால் படகு, திறந்தால் குருதி. சில வாரங்களில் வேலையை விடுவதென்று முடிவெடுத்தாள். சொல்லிவிட்டுப் போகலாமென்று, அனுப்பம்பட்டில் ரயிலேறித் தேவகியின் கல்லூரிக்குப் போனாள்.

வகுப்பறை வாசலில் அவளைக் கண்டதும் தேவகியின் கையிலிருந்த சுண்ணக்கட்டி கீழே விழுந்தது. அந்த ஆசிரியை கேட்ட முதல் கேள்வி எது தெரியுமா?

"அந்தப் பொண்ணு... உயிரோட இருக்குதா?"

அவருக்குத் தெரியாது! அழைப்பு அறுந்த அந்த நொடியிலிருந்து அவருக்கு எதுவுமே தெரியாது! திரும்பத் திரும்ப அழைத்தார். கைப்பேசியோ, அதிலிருந்த எண்களோடு, ஏரியின் அடியில். சுகாதார அலுவலகம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார், "உங்களுக்கென்ன சம்பந்தம்?" என்று வைத்துவிட்டார்கள். தன் சொல் ஓர் உயிரைக் கொன்றுவிட்டதோ என்ற எண்ணத்தோடு, அன்றாடம் வகுப்பெடுத்தார், தேர்வு நடத்தினார், வீட்டில் உலை வைத்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒருவரும் இல்லை.

"பொழச்சிட்டாங்க மேடம், நல்லா கீறாங்க" என்றாள் சுபஸ்ரீ. மாணவிகள் பார்க்கப் பார்க்க, வாசற்படியில் உட்கார்ந்து அழுதார் தேவகி. விடைபெற வந்தவள் ஆசிரியையைத் தாங்கிப் பிடித்தாள். இருவரும் பேசினார்கள், பேசினார்கள், மாலை வரை பேசினார்கள். மறுவாரம் அதே குப்பத்துக்குப் படகேறினாள் சுபஸ்ரீ.

காயத்துக்கு மருந்திடும் கைக்கு மருந்திடுவது யார்? கற்றுக்கொடுப்பவரின் கலக்கத்தைக் கேட்பது யார்? ஒரு துயரம் நடந்த அன்றே, ஒரு மூத்த செவிலி அழைத்து, "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதற்குக் கருவி வேண்டுமா? கட்டடம் வேண்டுமா? அந்தத் துணைக்காகத்தான் இன்று இந்தச் செவிலியர் துணைக்குழு பிறக்கிறது. தேவகியும் சுபஸ்ரீயும் என்னையும் சேர்த்துக்கொண்டு தொடங்கிய குழு இது.

ஆனால் பிறந்த இடத்திலேயே பாருங்கள்! மூத்தவர்கள் நாமெல்லாம் முன்னே, மின்விசிறிக்குக் கீழே. இந்த ஆண்டு பணியில் சேர்ந்தவர்களோ, பந்தலின் கடைசியில், ஒருவரையொருவர் அறியாமல், ஓரமாக. ஆசிரியர்களோ தனியே ஒரு மூலையில்.

எழுந்திருங்கள், அக்காமார்களே! நாற்காலியைத் தூக்குங்கள்! பின்னே போய் ஆளுக்கொரு தங்கையின் அருகே போடுங்கள்! பெயரைக் கேளுங்கள், எந்தக் குப்பம் என்று கேளுங்கள், எண்ணைக் கொடுங்கள்! சிலர் ஆசிரியர்களிடம் போங்கள்! தலைவர் ஐயா பொறுத்தருள வேண்டும்; கூட்டம் கொஞ்சம் கலையட்டும்.

ஆகா, நகர்கின்றன நாற்காலிகள்! இந்த இரைச்சலில் இனி என் பேச்சு எடுபடாது, எடுபடவும் வேண்டாம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. ஏரிக்கரை மக்கள் அனைவருக்கும் என் வணக்கம். நானும் இறங்கி வருகிறேன். யாரம்மா அங்கே இன்னும் தனியாக உட்கார்ந்திருப்பது?