முப்பத்தைந்து அங்குல மேடை

சமையல் மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதை, அதன் முன்னால் நிற்கப் போகிறவரின் முழங்கையை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை வந்தால் முதுகு வலிக்காது. பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் பார்ப்பதில்லை. கொத்தனார் தன் பழக்கத்துக்கு ஓர் உயரத்தில் கட்டிவிட்டுப் போவார், வீட்டுக்காரர்கள் ஆயுள் முழுக்கக் குனிந்து நிற்பார்கள். என் முழங்கைக்கு ஏற்ற மேடை முப்பத்தைந்து அங்குலம். என் அக்காவுக்கு முப்பது.

எங்கள் பழைய மேடை முப்பது அங்குலத்தில் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கட்டட அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் போட்டவள். மருத்துவமனைச் சமையலறை, விடுதிச் சமையலறை, ஊர் பேர் தெரியாதவர்கள் வீட்டுச் சமையலறை என்று எத்தனையோ வரைந்திருக்கிறேன். என் வீட்டுச் சமையலறையில் ஒரு கரண்டியை இடம் மாற்றி வைக்கும் உரிமை எனக்கு இருந்ததில்லை. அக்காவுக்கு முப்பத்திநான்கு வயதில் பார்வை போனது. அதற்குப் பிறகு அந்த அறையில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் நிரந்தரமாகிவிட்டது. உப்பு இடது பக்கம் இரண்டாவது டப்பா. அதை நான் மூன்றாவதாக வைத்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாட்டில் தெரிந்துவிடும். ஆகவே நான் உள்ளே போவதை நிறுத்திக்கொண்டேன்.

"நீ போய் உக்காருடி, நான் எடுத்துட்டு வரேன்" என்பாள். இருபத்தொன்பது வருடம், தினம் மூன்று வேளை. அவளுக்காக நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது எங்கள் சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். அவள் வேண்டுமானால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள். ஒரு நல்ல வரன் வந்தபோது, "எனக்காகப் பாக்காத. நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள். பார்வையில்லாதவள் சொல்லுகிற பேச்சா அது? இரக்கப்படக்கூட ஒருத்திக்கு இடம் கொடுக்காத பேச்சு. நான் தங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைப் பார்த்து வாய் பிளப்பார்கள். கண் இல்லாமல் எப்படி இவ்வளவு நறுவிசாக வெட்டுகிறார்கள், எப்படி ஒரு துளி சிந்தாமல் ஊற்றுகிறார்கள் என்பார்கள். அருகில் உட்கார்ந்திருக்கும் என்னிடம், "நீங்க கொடுத்து வச்சவங்க" என்பார்கள். அவ்வளவுதான் என் பங்கு.

போன வருடம் ஓய்வு பெற்றேன். பழைய சமையலறை ஓதம் ஏறி உதிர்ந்துகொண்டிருந்தது. நான் புதிதாக ஒன்று வரைந்தேன். நான்கு தாள், ஐந்து வாரம். சன்னலுக்குக் கீழே தொட்டி, அதற்கு வலப்பக்கம் அடுப்பு, எதிர்ச்சுவரில் தரையிலிருந்து கூரை வரை அலமாரி. பால்கனியின் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டிருந்ததால் அதை இடித்துவிட்டு, மேலே வரை இரும்புக் கிரில் போட்டு, துணி உலர்த்தும் இடமாக்கினேன். வெளிச்சமும் காற்றும் நேராக அடுப்படிக்கு வரும். மேடை முப்பத்தைந்து அங்குலம்.

அக்காவுக்குத் தாளை விரித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "பால்கனிக் கதவு எங்க வருது?" என்று மட்டும் கேட்டாள்.

"இருந்த எடத்துலயேதான்க்கா."

"அப்ப சரி."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கான பதில்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். போடவில்லை.

வேலை நடந்த நாட்களில் கூடத்தில் ஒற்றை அடுப்பு வைத்து அவள்தான் சமைத்தாள். மேடையும் அலமாரியும் முடிந்ததும், இனி இது என் கையில் என்று நினைத்தேன். எல்லா டப்பாக்களையும் நானே துடைத்து, பெயர் எழுதி ஒட்டி, என் கை போகிற இடத்தில் அடுக்கினேன். நான்கு நாள்தான். ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதி டப்பாக்கள் இடம் மாறியிருந்தன. மேடைக்கு முன்னால் ஒரு பலகை கிடந்தது. ஐந்து அங்குல உயரம், கால் வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் ஒட்டியது. அதன்மேல் நின்று அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ வச்ச எடம் எனக்குக் கொஞ்சம் எட்டலடி. அதான் ரெண்டு மூணு மாத்திட்டேன். மத்தபடி ராஜா மாதிரி வரைஞ்சிருக்க."

மேடையும் அலமாரியும் செய்த தச்சரை விசாரித்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "மேடையக் கொறச்சுடட்டுமான்னு அக்காகிட்ட கேட்டேம்மா. தங்கச்சி ஆசையா வரைஞ்சிருக்கா, ஒரு அங்குலம்கூடக் கொறைக்காதீங்க, எனக்கு ஒரு பலகை செஞ்சு குடுத்துடுங்க, அவளுக்குத் தெரிய வேணாம்னாங்க."

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்றுகொண்டு என் ஐந்து வார உழைப்பை அவளுடையதாக்கிவிட்டாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். கோபத்தில் செய்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நான் கோபப்பட்டு எதையும் வரைந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பால்கனிச் சுவரை இடித்தார்கள், அன்றைக்கே கிரில்லும் வந்தது. அக்கா கால்வலிக்காகக் கீழ்வீட்டு அம்மாவோடு மருத்துவரிடம் போயிருந்தாள். பட்டறைக்காரர்கள் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் குறைந்தது. வியாழக்கிழமை சரிசெய்து கொண்டுவருவதாகத் திருப்பி எடுத்துப் போனார்கள். என் தாளில் அளவு சரியாகத்தான் இருக்கிறது, பிழை பட்டறையில். மேஸ்திரி பொறுப்பான மனிதர். திறந்த விளிம்பில் குறுக்காக இரண்டு பலகைகளைக் கயிற்றால் இறுகக் கட்டினார். கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"அக்காகிட்ட மறக்காம சொல்லிடுங்கம்மா. கிரில் மாட்டுற வரைக்கும் இந்தக் கதவத் திறக்கவே கூடாது."

சொல்கிறேன் என்றேன்.

அக்கா திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "கிரில் வந்துதா?" என்று கேட்டாள்.

"வந்துதுக்கா."

"கெட்டியா இருக்கா?"

"கெட்டியா இருக்கு."

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கிரில் வந்தது. கெட்டியாகவும் இருந்தது.

புதன்கிழமை காலையில் அவள் குளிக்கும்போது பூட்டைத் திறந்தேன். முடிச்சுகளை அவிழ்த்தேன். பலகைகளைச் சாமான் அறையில் சாய்த்து வைத்து, கயிற்றைச் சுருட்டி மேலே மாட்டினேன். பிறகு கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்தேன். பாத்திரம் கழுவி முடித்ததும் அடுப்படித் துணிகளை அலசிப் பால்கனிக் கொடியில் போடுவது அவள் வழக்கம். தொட்டியிலிருந்து கொடி வரை எட்டு அடி வைப்பாள். பழைய கொடி கைப்பிடிச் சுவரை ஒட்டி இருந்தது. சுவரை இடித்தபோது கொடியும் போய்விட்டது. புதுக் கொடி கதவுக்குப் பக்கத்திலேயே வரும் என்று தாளில் இருக்கிறது. அதை மட்டும் நான் அவளுக்குப் படித்துக்காட்டவில்லை.

கதவு திறந்த சத்தம் கேட்டது.

"காத்து நல்லா வருதுடி" என்றாள். "நல்லா யோசிச்சிருக்க."

நான் பக்கத்தைத் திருப்பினேன். அவள் அடிகளை எண்ணினேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மேஸ்திரியைப் பிடித்தீர்கள். பலகை கட்டினேன், பூட்டினேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அவர் அப்படி விட்டுட்டு வர்ற ஆளில்லம்மா, நீங்களாவது சொல்லுங்க" என்று கேட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அவளுக்காக நான் இங்கே வரவில்லை.

நேற்று உங்கள் பொறியாளரின் அறிக்கையைப் படித்தேன். 'பார்வையற்றவர் வசிக்கும் வீட்டுக்குப் பொருந்தாத வடிவமைப்பு' என்று எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன வயது இருக்கும்? அந்தச் சமையலறையில் ஒரு கூர்முனை கிடையாது. எல்லா மூலையையும் மழுக்கியிருக்கிறேன். அடுப்புத் திருகுகளைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ள மேடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பார்வையற்ற ஒருத்தி நான்கே நாளில் பழகிக்கொண்ட அறை அது.

நான் இதைச் சொன்னபோது நீங்கள், "மனசு சரியில்லாம பேசுறீங்கம்மா, வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றீர்கள். என் மனது சரியாகத்தான் இருக்கிறது. பலகையை அவிழ்த்தது நான். பூட்டைத் திறந்தது நான். அவளைக் கொன்றது நான். வடிவமைப்பில் குறை இல்லை என்று திருத்தி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கிரில்லும் மாட்டியாகிவிட்டது. இன்றைக்குக் காலையில், இங்கே புறப்படும் முன், என் மேடையில் முதன்முதலாக நானே தேநீர் போட்டேன். குனியவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் கொதித்து வந்த பிறகுதான் வடிகட்டியைத் தேடினேன். எந்த டிராயரிலும் இல்லை. அக்காவைக் கூப்பிட்டு எங்கே வைத்தாய் என்று கேட்டேன். பதில் வரத் தாமதமானதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.