மஞ்சள் கோடு கலையாத நட்டுகள்

என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ‘பட்டை மேஸ்திரி’ என்றால்தான் தெரியும். வயது 54. பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம் இரண்டாவது தெருவில் பட்டறையும் அதன் மாடியில் வீடும் உள்ளன. பழைய கார்களுக்குக் குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டை, ஷாக் அப்சர்வர் மாற்றும் வேலையை இருபத்தொன்பது வருடங்களாகச் செய்து வருகிறேன். நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தின் பேரில்தான் கார்க்காரருடைய மைத்துனரை இந்தக் காவல் நிலையத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது பற்றி மேலும் சொல்ல இன்று நானாகவே முன்வந்தேன்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் தன்னுடைய அறுபது வருடப் பழைய காரைப் போன செவ்வாய்க்கிழமை கொண்டு வந்து, பின்சீட்டில் உட்காரும் மனைவிக்கு முதுகு வலிக்கிறது, பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது, புதுப் பட்டை போட்டுக் கொடுங்கள் என்றார். அவருடன் மனைவியின் தம்பியும் வந்திருந்தார். அவர் பழைய கார் புரோக்கர். இந்தக் காரைத் தனக்கு விற்கச் சொல்லி ஏழெட்டு வருடமாக மாமாவை நச்சரிப்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

மறுநாள் காலை அந்த மைத்துனர் மட்டும் வந்து காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்போது கார் ஜாக்கியில் இருந்தது. பின் அச்சையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளின் எட்டு நட்டுகளையும் பாதி முறுக்கி வைத்திருந்தேன். அவர் குனிந்து பார்த்து, “அண்ணே, இது கழண்டுச்சுன்னா என்ன ஆகும்?” என்று கேட்டார். “அது உங்களுக்கு எதுக்கு? போய் உக்காருங்க” என்றேன். அதன் பிறகு செல்போனில் படம் எடுத்தார், அதன் பிறகு ஸ்பேனர்கள் மாட்டியிருக்கும் பலகை அருகே போய் நின்றார். வண்டி பழுதானால்தான் மாமா விற்பார் என்று கணக்குப் போடுகிறார் என நினைத்தேன்.

வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகு நட்டுகளை முழுவதும் முறுக்கி, கடைசியாக நட்டையும் போல்ட்டையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பது என் வழக்கம். கோடு நேராக இருந்தால் யாரும் திருப்பவில்லை என்று அர்த்தம். அன்று நான் மாடிக்குச் சாப்பிடப் போகும்போது, இந்த ஆள் கை வைத்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எண்ணி, வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே எட்டு நட்டுக்கும் கோடு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். கோடுகள் எல்லாம் நேராக இருந்தன. அதன் பிறகு வண்டியை இறக்கினேன். மஞ்சள் கோட்டைப் பார்த்தால் வேலை முடிந்தது என்பது என் கண்ணுக்குப் பழக்கம். அன்று மாலையே வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு வளைவில் பின் அச்சு நகர்ந்து, கார் சுவரில் மோதி, அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. என்னை விசாரித்தபோது கொஞ்சமும் யோசிக்காமல் மைத்துனரைக் கை காட்டினேன்.

இன்று காலை ஆய்வாளர் என்னைக் காரிடம் அழைத்துப் போனார். வலப்பக்கத்து நட்டுகள் கழன்று விழுந்திருந்தன. இடப்பக்கம் நான்கிலும் கோடு கலையாமல் இருந்தது. அதில் ஒன்றுக்கு ஸ்பேனர் வைத்தேன். நட்டு ஒரு முழுச் சுற்று இறுக்கமே இல்லாமல் சுழன்றது. நான் கோடு போட்ட பிறகு அவரும் திருப்பவில்லை, நானும் முறுக்கவில்லை.

நிலையத்துக்குத் திரும்பியதும் மைத்துனரை என் எதிரே கூட்டி வந்தார்கள். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். “அண்ணே, அக்காவுக்கு ஆபரேஷன் முடிஞ்சிருச்சா?” என்று மட்டும் கேட்டார்.

நேற்று சொன்னதை அடித்துவிடுங்கள் என்று எழுத்தரைக் கேட்டேன். அதை அடிக்க முடியாது, இதை அதன் கீழே சேர்த்துத்தான் வைக்க முடியும் என்றார். இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)