அண்ணன் காதுக்குள்ள பதினோரு வருஷம்

பாட்டுக் குழுவை விட்டுத் தனியா வந்தப்புறம் அண்ணன் போட்ட முதல் ஆல்பம் சுமார்தான் சார். ரசிகன் நானே சொல்றேன், எழுதிக்குங்க. வந்த வேகத்துல எல்லாப் பாட்டையும் கத்தியே தீர்த்துட்டாரு. ரெண்டாவது பரவாயில்ல. மூணாவதுதான் ஆல்பம். அதுல ஆறாவது பாட்டுல, சரணத்துக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுப்பாரு. அந்த மூச்சுக்காகத்தான் ரேடியோ ரிப்பேர் கடையை மூடிட்டு அவர் பின்னாடி போனேன். "உனக்கென்ன பைத்தியமா?"ன்னு அக்கா கேட்டா. அதோட எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. போகட்டும்.

மேடையில பாடுறவங்க காதுல சின்னதா ஒண்ணு மாட்டியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அவங்க குரலும் மியூசிக்கும் அதுலதான் அவங்களுக்குக் கேட்கும். எவ்வளவு சத்தம்னு முடிவு பண்ற ஆள் மேடை ஓரமா உட்கார்ந்திருப்பான். அது நான். அண்ணன் என்னை 'காது'ன்னுதான் கூப்பிடுவாரு. என் பேரு அவருக்குத் தெரியுமாங்கிறதே சந்தேகம். என் மைக்ல பேசினா அவருக்கு மட்டும் கேட்கும். "அண்ணே, தண்ணி குடிங்க." "அண்ணே, அடுத்தது மெதுவான பாட்டு." பத்தாயிரம் பேர் கத்துற இடத்துல அவர் காதுல என் ஒருத்தன் குரல். வீட்டுல எனக்குப் பேச ஆளில்ல சார். இது போதும்னு இருந்தேன்.

நாலாவது ஆல்பம் ஊத்திக்கிச்சு. ஒருநாள் மத்தியானம் ஒத்திகைக்கு நடுவுல சொன்னாரு, "காது, பழைய பசங்க கூப்பிடுறாங்கடா. மறுபடி குழுவா சேரப் போறோம்."

"சந்தோஷம்ணே. நான் எப்ப வரணும்?"

"அவங்ககிட்ட ஆள் இருக்கான்டா. நீ எங்க போனாலும் நல்லா இருப்ப." முதுகுல தட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

எனக்குக் கோபம் வரல. நீங்க நம்பணும். அங்க போனா பழையபடி கத்துவாரு, அந்த மூச்சு போயிடும். அந்தக் கவலைதான்.

இன்னும் இருபத்திரெண்டு ஷோ பாக்கி இருந்துச்சு. அளவுக்கு மேல சத்தம் காதுக்குப் போகாம தடுக்க மெஷின்ல ஒரு லிமிட்டர் இருக்கும். அதை அணைச்சேன். ஒவ்வொரு ஷோவுக்கும் துளி ஏத்தினேன். அவர் காது மந்தமாக மந்தமாக, "காது, இன்னும் கொஞ்சம் ஏத்துடா"ன்னு அவரே கேட்டாரு. கேட்டதைத்தான் செஞ்சேன், கேட்டதுக்கு மேல கொஞ்சம். கடைசி ஒத்திகையில விசில் மாதிரி ஒரு சத்தத்தை முழு அளவுல விட்டேன். இடது காது அன்னைக்கே போச்சு. வலது ஒரு வாரத்துல.

மெஷின் கோளாறுன்னு எல்லாரும் நம்பினாங்க. நான் அழுதப்ப அவர்தான், "உன் தப்பு இல்லடா"ன்னு தேத்தினாரு. அழுகை நிஜம் சார். லிமிட்டரை அணைச்ச தேதி மெஷின்லயே இருக்கு, போலீஸ் நீங்களும் அதை எடுத்துட்டீங்க. மறுக்க என்ன இருக்கு.

தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போவேன். பழைய பசங்க ரெண்டு தடவை வந்ததோட சரி. அண்ணி டீ வச்சுட்டு உள்ள போயிடுவாங்க. நான் பேசுறதை என் உதட்டைப் பார்த்துத்தான் அவர் புரிஞ்சுக்கணும். பதினோரு வருஷத்துல என் முகத்தை அவர் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்ல.

ஒரே ஒரு உதவி சார். இதையெல்லாம் நீங்க அவருக்கு எழுதிக் காட்டாதீங்க. நானே வந்து சொல்றேன். நான் சொன்னாத்தான் அவருக்கு நல்லாப் புரியும்.