ஆறு மணி வரை சத்தம் வேண்டாம்

அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், என் மனைவி, என் மகள், அவளைக் கேட்டு வந்த பையன், அவனுடைய அப்பா, அம்மா, மாமா. மருமகள் சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பக்கத்து அறையில் என் மகன் படுத்திருந்தான். அவனை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் வெளிநாட்டில் வேலையில் இருப்பதாக வந்தவர்களிடம் சொல்லியிருந்தேன்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான். படிக்காமல் ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. நீங்கள் எழுதும் இந்த வாக்குமூலத்தையும் படித்துவிட்டுத்தான் போடுவேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

மகனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகத் தளரும் நோய். குரல் காற்றளவுக்குத்தான் வரும். தொண்டையில் சளி அடைத்தால் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஆள் வேண்டும்.

மருமகள் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறாள். கூடத்து மூலையில் அவளுடைய லேப்டாப். கோட் எழுதித் தரும் ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்றை அதில் வைத்திருந்தாள். டெர்மினல் என்று அவள் சொல்லும் கறுப்புச் சதுரத்தில் அதற்கு வேலையைச் சொல்லிவிட்டுக் கணவனிடம் போய்விடுவாள். வேலை முடிந்தாலோ, ஏதாவது செய்ய அனுமதி தேவைப்பட்டாலோ, திரை ஓரத்தில் சின்னப் பெட்டி ஒன்று தோன்றி டிங் என்று கூப்பிடும்.

“உங்க பிள்ளையும் இதுவும் ஒண்ணுதான் மாமா. ரெண்டும் என்னைக் கேக்காம ஒண்ணும் செய்யாது” என்றாள் ஒரு நாள்.

கட்டிலிலிருந்து அவன் உதட்டை அசைத்தான். அவள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “அதுக்குக் கோபம் வராதாம். இவருக்கு வருமாம்.”

பிறகு அதே முறையில் அவனுக்கும் ஒன்று செய்தாள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி, அதைக் கவனிக்கும் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல். எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் திரையில் சிவப்புப் பெட்டி வரும். அவள் வந்து அழுத்தும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். படுக்கை எச்சரிக்கை என்று அதற்குப் பெயர். முந்தின வாரம் மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் ஓடினாள், மூன்று முறையும் அவன் பிழைத்தான். கைபேசிக்கும் அதே எச்சரிக்கை வரும்படி செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கை ஒழியவில்லை.

மகளுக்கு முப்பத்திரண்டு வயது. இது பரம்பரை நோயோ என்ற கேள்வியிலேயே இரண்டு சம்பந்தம் வாசலோடு திரும்பிவிட்டது. மூன்றாவதும் அப்படிப் போனால் வெளியே தலைகாட்ட முடியாது. ஒரு வீட்டுக்குப் பெரியவன் என்று இருந்தால் இதையெல்லாம் யோசிக்கத்தான் வேண்டும்.

“மாமா, லேப்டாப்பை மட்டும் மூடிடாதீங்க. சத்தம் கேட்டா நான் ஓடணும்” என்றாள் மருமகள், அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்.

“மூட மாட்டேன்மா” என்றேன். மூடவில்லை.

அவள் உடைமாற்றப் போனபோது நான் அந்தக் கறுப்புச் சதுரத்தில் தமிழிலேயே அடித்தேன்: ஆறு மணி வரை எந்த அறிவிப்பும் வேண்டாம். அது மரியாதையாகவே பதில் சொன்னது. மற்றவற்றை நிறுத்துவதாகவும், படுக்கை எச்சரிக்கையைத் தொடமாட்டேன் என்றும், அதையும் நிறுத்த வேண்டுமா என்றும் கேட்டது. ஆம் என்றேன். நிறுத்தினால் நோயாளிக்கு மூச்சு குறைந்தாலும் யாருக்கும் தெரியாது, உறுதிதானா என்று மறுபடியும் கேட்டது. ஆம் என்றேன். என் அலுவலகத்தில் இவ்வளவு பொறுப்பான எழுத்தர் எனக்கு வாய்த்ததில்லை.

அவர்கள் நாலரைக்கு வந்தார்கள். மருமகள் போகும்போதும் வரும்போதும் திரையைப் பார்த்துக்கொண்டாள். பெட்டி எதுவும் வரவில்லை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வெகுநாளுக்குப் பிறகு அவள் உட்கார்ந்து பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

ஐந்தேகாலுக்கு உள்ளே கட்டில் கம்பியில் மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது. மருமகள் அப்போது அடுப்படியில் இருந்தாள். பையனின் மாமா திரும்பிப் பார்த்தார். “உள்ள யாரோ தட்டுறாப்பல இருக்கே?”

“ஜன்னல் கதவு. காத்துக்கு ஆடும்” என்றேன்.

மனைவி எழுந்தாள். “அவங்களுக்குத் தண்ணி கொண்டு வா” என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் செம்போடு வருவதற்குள் தட்டல் தானாக நின்றுவிட்டது. பேச்சு நல்லபடியாக நடந்தது.

ஆறு மணிக்கு அவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். சொன்ன சொல் தவறாமல் மணி அடித்தது. மருமகள் ஓடினாள்.

பையனின் அம்மாதான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். “உங்க மக எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாளே. உங்க மகனைப் பாக்க வாங்கன்னு நீங்களா கூப்பிடுவீங்கன்னுதானே உக்காந்திருந்தோம்” என்றார். நல்ல குடும்பத்தார் அப்படித்தான் சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகன் போன பிறகு பதினோரு நாள் மருமகள் அந்த ஸ்கிரிப்டை வரிவரியாகப் பார்த்தாள். எங்கே தப்பு விட்டேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் அவளோடு வேலை செய்யும் ஒருத்தி வந்து, ஏஜென்ட்டின் பழைய உரையாடலைத் திறந்து காட்டினாள். இருவரும் படித்தார்கள். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “மாமாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நான்தான் திறந்து வெச்சிட்டுப் போனேன்” என்றாள்.

அதைத்தான் இப்போது தெரு முழுக்கச் சொல்கிறார்கள். வயதானவர், கம்ப்யூட்டர் தெரியாது, என்னவென்று புரியாமல் எதையோ அடித்துவிட்டார் என்று. இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னை யாரும் அழைத்து வரவில்லை. அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன்.

அது உண்மையில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு கேள்வியையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் அடித்தேன்.