ஊதாமலே ஓய்வுபெறும் எங்கள் தலைமை மருத்துவருக்கு

மூச்சுக்கு மூச்சு பிறர் மூச்சையே நினைத்தவரே! முட்டித் திணறி வந்தோரை முகம் சுளிக்காது ஏற்ற மாண்பாளரே! நெஞ்சக நோய்ப் பிரிவின் நெடுந்தூணே! 'ஊதுங்க' என்ற ஒற்றைச் சொல்லால் ஒரு கட்டடத்தையே உலுக்கிய உரத்த குரலுக்கு உரியவரே! பணிநிறைவு காணும் எங்கள் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே! உள்ளம் நிறைந்த அன்போடும், உடன் உழைத்த உரிமையோடும், மறைப்பானேன், கொஞ்சம் கோபத்தோடும் நாங்கள் படைக்கும் மடல் இது.

மாடிப்படியை ஒட்டிய அந்தச் சின்ன அறையை நுரையீரல் பரிசோதனைக் கூடம் என்று பலகை சொல்லும். ஊதுற ரூம் என்று ஊர் சொல்லும். மூக்கில் கிளிப்பும் வாயில் குழாயுமாக நோயாளி அமர, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க, அவ்வளவுதான், இன்னும் கொஞ்சம்!" என்று அவரைவிட அதிகம் மூச்சு வாங்கியவர் நீங்கள். பக்கத்துக் கண் பிரிவுக்குப் புதிதாக வந்த செவிலியர் ஒருவர், "ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறி ஓடி வந்ததும், "ஒண்ணும் ஆகல, எங்க சார் வைத்தியம் பாக்குறாரு" என்று நாங்கள் அவரைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

ஆஸ்துமாவா, புகை தின்ற நெஞ்சா என்று அவசரப்பட்டு முத்திரை குத்துவதை அறவே வெறுத்த அறிவாளரே! மர அறுவை ஆலைத் தொழிலாளி ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி வந்தார். "பீடி நெஞ்சு, இனி இப்படித்தான்" என்று வேறெங்கோ கைவிட்டிருந்தார்கள். நீங்கள் அவரை ஊத வைத்தீர்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்கச் சொல்லிக் கால்மணி நேரம் காத்திருந்தீர்கள். மறுபடி ஊத வைத்தீர்கள். திரையில் கோடு நன்றாகவே எழுந்தது, ஆனால் எழ வேண்டிய உயரத்தைத் தொடவில்லை. "பாருங்கம்மா, ஏறுது. முழுசா ஏறல. அப்ப ரெண்டு நோயும் சேர்ந்து இருக்கு. ஏறாததுக்கு நான் பொறுப்பில்ல, ஏறுறத மட்டும் விட்டுக் கொடுக்கவே மாட்டேன்" என்றீர்கள். சுருக்கத்தை விரிக்கும் மருந்தோடு, அழற்சியைத் தணிக்கும் மருந்தையும் விடாமல் சேர்த்துக் கொடுத்தீர்கள். அடுத்த முறை அவர் யார் தோளையும் பிடிக்காமல் வந்து, எங்களுக்கு வாசலிலேயே வணக்கம் வைத்தார்.

இத்தனை புகழும் தகும். இனிக் கோபத்துக்கு வருகிறோம்.

இயந்திரம் ஒழுங்காக அளக்கிறதா என்று அறிய, நலமான ஒருவர் அதில் அவ்வப்போது ஊதிக் காட்டுவது நம் அறையின் வழக்கம். அவர் அளவு மாறினால் கோளாறு இயந்திரத்தில் என்று பொருள். சிகரெட்டை விட்டொழித்த புதுப் பெருமையில், "என்னையே வச்சுக்கோங்கப்பா, நான்தான் இனி அளவுகோல்" என்று மார் தட்டி அமர்ந்தீர்கள். ஆண்டுகள் ஓடின, அளவு சரிந்தது. நாங்கள் என்ன செய்தோம்? இயந்திரத்தைத் திட்டினோம்! மெக்கானிக்கை வரவழைத்தோம். கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுபடி ஊதினீர்கள், மறுபடி சரிவு. மறுபடி அவரையே அழைத்தோம். "மெஷின் கல்லு மாதிரி இருக்கு மேடம். ஊதுற ஆள மாத்திப் பாருங்க" என்றார் அவர். எங்களில் ஒருத்தி ஊதினாள். அவளுடைய பழைய அளவு அப்படியே வந்து நின்றது.

நீங்கள் வாசலைக் காட்டினீர்கள். "சரி சரி, இனிமே சிஸ்டரே ஊதட்டும். வெளிய பேஷன்ட் நிக்கிறாங்க." அன்று எழுந்து போனவர், அந்த நாற்காலியில் இன்றுவரை உட்காரவில்லை.

சிறுவயதில் இழுப்பு, இளமையில் புகை, இரண்டும் தங்கள் நெஞ்சைப் போல் ஒரே நெஞ்சில் கூடினால் என்ன ஆகும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் யார் ஐயா? மாடிப்படித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று, தீயணைப்புக் கருவியின் குறிப்பை நாள் தவறாமல் படிப்பவர் யார்? இருமும்போதெல்லாம் "தூசி, தொண்டை, ஏசி" என்று மூன்று பேர் மேல் பழி போட்டுவிட்டு, மேசை இழுப்பறையில் நீல இன்ஹேலரை ஒளித்து வைப்பவர் யார்? எங்களை என்ன கண் தெரியாதவர்கள் என்று நினைத்தீர்களா?

போன வாரம் தங்கள் துணைவியார் எங்களைத் தேடி வந்தார்கள். "ராத்திரி உக்காந்துதான் தூங்குறாரு. கேட்டா, புத்தகம் படிச்சேங்கிறாரு. நான் சொல்லி ஓய்ஞ்சுட்டேன். நாளைக்கு ரிட்டயர் ஆயிட்டா யாரு இவர ஊத வைக்கிறது?" என்று அழுதுவிட்டார்கள். நாங்களும் அழுதோம். பிறகு உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

ஆகவே, அவையோர் முன்னிலையில் அறிவிக்கிறோம். காலையிலிருந்து காணாமல் போன தங்கள் இன்ஹேலர் துணைவியாரின் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது. பரிசோதனைக்கு முன் அதை எடுக்கக் கூடாது என்பது தாங்கள் அறியாததல்ல. விருந்து ஏன் இன்னும் பரிமாறப்படவில்லை என்று சிலர் வாசலை எட்டிப் பார்க்கிறார்கள். நிறைந்த வயிற்றோடு ஊதக் கூடாது என்பதும் தாங்கள் சொன்னதே. இயந்திரம் இந்த மேடைத் திரைக்குப் பின்னால் தயாராக இருக்கிறது. தங்களுக்கு அடுத்துப் பொறுப்பேற்கும் மருத்துவர் அங்கே காத்திருக்கிறார்.

ஐயா, எங்களுக்குப் பயமாக இருக்கிறது. தங்களுக்கும் பயம்தான் என்று தெரியும். கோடு எவ்வளவு தாழ்ந்து வந்தாலும் வரட்டும். மருந்து கொடுத்துக் கால்மணி நேரம் நாங்கள் அனைவரும் தங்களோடு பசியோடு அமர்ந்திருப்போம். நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெறுக என்று வெறும் வாயால் வாழ்த்திவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. மாலை கழுத்தை உறுத்தும், கழற்றி வைத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

இப்படிக்கு,
தாங்கள் ஊதி முடித்த பிறகே இம்மடலில் கையெழுத்திடவிருக்கும்
நெஞ்சக நோய்ப் பிரிவு ஊழியர்கள்