மியூசியத்துல எங்க தொட்டில்

இருக்கட்டும்க்கா, கொஞ்ச நேரம் விடுங்க. ஒண்ணும் உடைக்க மாட்டா. கயிறத் தாண்டுனது தப்புதான், நான் இல்லங்கல. அவ எம் பொண்டாட்டி, சாய்ரா. வாசல்ல நிக்கிறது அவ தங்கச்சி. கூப்பிட்டுப் பாத்தேன், உள்ள வரமாட்டேன்னுட்டா.

சாய்ரா ஒரு வாரமா டீயத் தவிர எதையும் தொடல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. நாரின் டவுனுக்குக் கூட்டிட்டுப் போங்க, அந்தத் தொட்டில்கிட்ட கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்னா. அதுக்குத்தான் மூணு மணி நேரம் மலை ஏறி எறங்கி வந்திருக்கோம்.

எங்க தொட்டில்தான்க்கா அது. அட்டையப் பாருங்க, தாலாய் குடும்பம் குடுத்ததுன்னு இருக்கா? நாந்தான் தாலாய். பத்து வருஷமாச்சு. மியூசியத்து ஆளுங்க ஊர் ஊரா வந்து பழைய சாமான் கேட்டாங்க. இவ ஆடுகளோட மேய்ச்சலுக்கு மலைமேல போயிருந்தா. நான் பாட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். எறங்கி வந்தவ, பேரப்புள்ளைய உங்க தொப்பியிலயா படுக்க வைக்கிறதுன்னு கேட்டா. அப்புறம் ஒரு மாசம் டீ ஊத்தி முன்னாடி வைப்பா, மூஞ்சப் பாக்க மாட்டா.

அதுலருந்து வருஷத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவோம். போன வருஷம் பையனும் மாஸ்கோவிலேர்ந்து லீவுல வந்திருந்தான். இதுக்குள்ளயா நான் அடங்கியிருந்தேன்னு கால நீட்டிக் காட்டி போட்டோ எடுத்தான். நீங்கதான் திட்டுனீங்க. ஆமா, அந்த உசரமான பையன்தான். தோக்தோசுன். அவனுக்கு முன்னாடி ரெண்டு, தொட்டில்ல போடுறதுக்குள்ளயே போயிடுச்சு. இவனாவது தங்கட்டும்னு பேரே அப்படி வச்சோம். அதுல படுத்து எந்திரிச்சது அவன் ஒருத்தன்தான்.

பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வராங்களா? வரட்டும். மொதல்ல அந்த ஓநாயக் காட்டுங்க. பஞ்சு பிதுங்கி, ஒத்தக் கண்ணோட நின்னாலும் அதச் சுத்தித்தான் நிப்பாங்க.

அய்யோ, அவ கையப் பிடிக்காதீங்கக்கா. ஆட்டட்டும். வெறுந்தொட்டில ஆட்டுனா அதுல படுத்த புள்ளைக்கு ஆகாது, தெரியும். எங்கம்மாவும் சொல்லித்தான் வளத்தாங்க. அந்தப் பயத்துல இத்தன வருஷமா இவ ஒரு வெரல்கூட வச்சதில்ல. இனிமே என்ன இருக்கு. மாஸ்கோவிலேர்ந்து பெட்டியில வந்தான். வியாழக்கெழம அடக்கம் பண்ணிட்டோம்.